வாடகை வீட்டில் நெட் இணைப்பு: திட்டமும் மோடமும் தேர்ந்தெடுக்க மாணவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நாலு பேர் சேர்ந்து வீடு எடுத்ததும் முதலில் கேட்பது, "எத்தனை எம்பிபிஎஸ் போடலாம்?" என்பதைத்தான். அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. இந்த வீட்டு வாசல் வரை எந்த நிறுவனத்தின் வயர் வருகிறது, மழையில் அறுந்தால் யார் வந்து ஒட்டுவார், படிப்பு முடிந்து கிளம்பும்போது பணத்தை இழக்காமல் வெளியேற முடியுமா என்ற மூன்றுக்கும் பதில் தெரிந்த பிறகுதான் வேகத்துக்கு வர வேண்டும். சொந்த வீட்டுக்காரர் ஒரு முறை முடிவெடுத்துப் பத்து வருடம் அதில் ஓட்டலாம். மாணவருக்கு ஒப்பந்தமே பதினொரு மாதம்தான். கீழே உள்ளவை சென்னை, கோவை, திருச்சி போன்ற ஊர்களில் வாடகைக்கு இருக்கும் மாணவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை.

அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே

வீடு பார்க்கப் போகும் அன்றே மாடிப்படி ஓரத்தையும் தெருக் கம்பத்தையும் ஒரு முறை பாருங்கள். சுவரில் சிறிய பிளாஸ்டிக் பெட்டிகளும் மெல்லிய கறுப்பு அல்லது வெள்ளை வயர்களும் இருந்தால் ஃபைபர் (ஒளி வழியாக நெட் கொண்டுவரும் கண்ணாடி இழை வயர்) ஏற்கெனவே கட்டடத்துக்கு வந்துவிட்டது என்று பொருள். பெட்டியின் மேல் பெரும்பாலும் நிறுவனத்தின் பெயர் இருக்கும். அடுத்து, அதே கட்டடத்தில் குடியிருக்கும் இரண்டு வீட்டில் கேளுங்கள்: எந்த இணைப்பு, கடைசியாக எப்போது நின்றது, சரிசெய்ய எத்தனை நாள் ஆனது. விளம்பரம் சொல்லாத விஷயம் இந்தப் பதிலில் கிடைக்கும்.

பிஎஸ்என்எல் ஃபைபரில் இது இன்னும் முக்கியம். பல பகுதிகளில் வீட்டுக்கு வயர் இழுப்பதும் பழுது பார்ப்பதும் அந்நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்ட உள்ளூர்க் கூட்டாளிகள்தான், பெரும்பாலும் அதே தெருவின் கேபிள்காரர். ஆகவே ஒரு பேட்டையில் பிரமாதமாக ஓடும் அதே திட்டம் அடுத்த பேட்டையில் வாரக்கணக்கில் படுத்திருக்கலாம். "பிஎஸ்என்எல் நல்லதா?" என்று கேட்பதைவிட "இந்தத் தெருவுக்கு யார் பார்க்கிறார்கள்?" என்று கேட்பதே சரி.

ஹவுஸ் ஓனரிடம் இரண்டு அனுமதி வாங்க வேண்டும். ஒன்று, வயர் உள்ளே வர வழி. ஏசி குழாய்க்கு விட்ட ஓட்டை, ஜன்னல் ஓரம், பழைய கேபிள் டிவி வந்த துளை இவற்றில் ஒன்று போதும். புதிதாகத் துளை போட்டால் அதற்கான காசை அட்வான்ஸில் பிடித்துக்கொள்ள வாய்ப்புண்டு. இரண்டாவது, மொட்டைமாடியில் ஏதாவது பொருத்த வேண்டி வந்தால் அதற்கான சம்மதம். இரண்டையும் வாட்ஸாப்பில் எழுத்தாக வாங்கி வையுங்கள். சில அடுக்குமாடிகளில் சங்கம் ஒரே நிறுவனத்தை மட்டும் அனுமதித்திருக்கும். அதையும் முன்பே கேட்டுவிடுங்கள்.

வீட்டுக்குள் இணைப்பு வரும் வழிகள்

ஃபைபர் நேராக வீட்டுக்குள் வருவதே சிறந்தது. கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. இடி விழுந்தால் அந்த வயர் வழியாக மோடம் கருகாது. தெரு முழுக்கக் கரண்ட் போனாலும், நிறுவனத்தின் மையத்தில் பேட்டரி இருக்கும் வரை, உங்கள் பெட்டிக்கு மட்டும் மின்சாரம் கொடுத்தால் நெட் ஓடும்.

இரண்டாவது வகையில் ஃபைபர் கட்டடத்தின் கீழே ஒரு பெட்டி வரை வந்து, அங்கிருந்து லேன் கேபிளாக வீட்டுக்கு ஏறும். வேகம் குறையாது. ஆனால் கீழே உள்ள அந்தப் பெட்டிக்குக் கரண்ட் இல்லையென்றால் உங்கள் வீட்டில் யூபிஎஸ் வைத்தும் பயனில்லை. மொட்டைமாடி வழியாக இழுத்த செம்புக் கேபிள் மின்னலில் ரூட்டரின் போர்ட்டைக் கருக்கிவிடும் என்பது இன்னொரு குறை. "ஃபைபர் வீட்டுக்குள் வருமா, கீழேயே நிற்குமா?" என்று சேரும் முன் கேளுங்கள்.

மூன்றாவது, ஏர்ஃபைபர் எனப்படும் 5ஜி வழி இணைப்பு. ஜியோ இதை 2023 செப்டம்பரில் தொடங்கியது; ஏர்டெல்லும் தருகிறது. பொதுவாக மாடியிலோ வெளிச்சுவரிலோ ஒரு கருவி, வீட்டுக்குள் ஒரு ரூட்டர். வயர் வராத புறநகர் வீடுகளுக்கு இது வரம்தான். ஆனால் கோபுரத்தைப் பகிரும் கூட்டம் அதிகமாகும் இரவு 8 முதல் 11 வரை வேகம் தடுமாறலாம், மாத டேட்டா வரம்பும் ஃபைபரைவிடக் குறைவு. ஃபைபர் கிடைக்கும் இடத்தில் இதை எடுக்க வேண்டாம்.

தனியாக ஒரு அறையில் இருப்பவர், லேப்டாப் ஒன்றுதான் என்றால், வீட்டு இணைப்பே தேவைப்படாமலும் போகலாம். தினம் 2 ஜிபி அல்லது அதற்கு மேல் தரும் 5ஜி ரீசார்ஜ்களில் ஜியோவும் ஏர்டெல்லும் வரம்பற்ற 5ஜி தருகின்றன. அறைக்குள் 5ஜி நிலையாக நிற்கிறதா என்று ஒரு வாரம் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

எவ்வளவு வேகம்

எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு எத்தனை மெகாபிட். டவுன்லோடில் நீங்கள் பார்ப்பது மெகாபைட். எட்டால் வகுக்க வேண்டும்: 100 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 12.5 எம்பி. 50 ஜிபி விளையாட்டு ஒன்றை இறக்க 100 எம்பிபிஎஸ்ஸில் சுமார் ஒரு மணி 7 நிமிடம். 40 எம்பிபிஎஸ்ஸில் இரண்டே முக்கால் மணி நேரம்.

நாலு பேர் வீட்டில் ஒரு இரவைக் கணக்கிடுவோம். இருவர் ஜூம் வகுப்பில்: ஆளுக்கு 3 முதல் 4. ஒருவர் முழு எச்டி படம்: நெட்ஃபிளிக்ஸ் பரிந்துரைப்பது 5. கூட்டினால் 13. நான்காமவர் எதையாவது இறக்கத் தொடங்கினால் அவர் மிச்சம் முழுவதையும் எடுத்துக்கொள்வார், அது 30 ஆனாலும் 300 ஆனாலும். ஆகவே நாலு பேருக்கு 40 எம்பிபிஎஸ் பிழைக்கப் போதும். 100 எம்பிபிஎஸ் நிம்மதி. அதற்கு மேல் கொடுக்கும் பணம் மாணவர் வீட்டில் பெரும்பாலும் வீண். அந்தப் பணத்தை நல்ல ரூட்டரிலும் ஒரு சிறு யூபிஎஸ்ஸிலும் போடுங்கள்.

அப்லோடு வேகத்தையும் கேளுங்கள். ஃபைபர் திட்டங்களில் பெரும்பாலும் இரண்டும் சமம். ஏர்ஃபைபரில் அப்லோடு குறைவு. ப்ராஜெக்ட் வீடியோ ஏற்றுபவர்களுக்கு இது உறுத்தும்.

டேட்டா வரம்பு: பல ஃபைபர் திட்டங்களில் "அன்லிமிடெட்" என்பது மாதம் 3,300 ஜிபி வரைதான். நாலு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு 27 ஜிபிக்கு மேல். எச்டி படம் மணிக்கு 3 ஜிபி வரை இழுக்கும் என்பதால், இந்த வரம்பைத் தொடுவது கடினம். 1,000 ஜிபி வரம்பு உள்ள ஏர்ஃபைபரில் ஆளுக்கு நாளைக்கு 8 ஜிபிதான். மூன்று மணி நேரம் எச்டி பார்த்தாலே தீர்ந்துவிடும். வரம்பு தாண்டியபின் வேகம் எவ்வளவாகக் குறையும் என்ற எண்ணைத் திட்டத்தின் விதிமுறைப் பக்கத்தில் தேடுங்கள்.

ரூபாய்க் கணக்கு

போஸ்டரில் உள்ள விலையோடு 18% ஜிஎஸ்டி சேரும். ஜியோவின் 30 எம்பிபிஎஸ் ஃபைபர் 399 ரூபாய், 100 எம்பிபிஎஸ் 699. ஏர்டெல்லின் 40 எம்பிபிஎஸ் 499, 100 எம்பிபிஎஸ் 799 என்ற வரிசையில் பல காலமாக இருந்து வருகிறது (சேரும் நாளில் ஒரு முறை சரிபாருங்கள்). 699 என்பது வரியோடு 824.82, நாலு பேருக்கு ஆளுக்கு 206 ரூபாய். 499 என்பது 588.82, ஆளுக்கு 147. மாதம் 60 ரூபாய் கூடுதலில் வேகம் இரண்டரை மடங்கு.

ஓடிடி சந்தாவோடு வரும் திட்டங்களில் அந்தச் சந்தா எத்தனை திரைக்கு, மொபைலுக்கு மட்டுமா டிவிக்குமா என்று பார்க்காமல் மயங்க வேண்டாம்.

மாணவரின் பணம் உண்மையில் கரைவது முன்கட்டணத்தில். "ஆறு மாதம் கட்டினால் இன்ஸ்டலேஷன் இலவசம், ஒரு வருடம் கட்டினால் கூடுதலாக ஒரு மாதம்" என்பார்கள். கட்டும் முன் இவற்றைக் கேட்டு, பதிலை மெயிலிலோ மெசேஜிலோ வாங்குங்கள்: நடுவில் விட்டால் மீதிப் பணம் திரும்புமா? வீடு மாறினால் இணைப்பை மாற்றித் தர என்ன கட்டணம்? புது இடத்தில் அவர்கள் வயரே இல்லையென்றால்? மே, ஜூன் விடுமுறையில் இணைப்பைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கலாமா? செமஸ்டரோடு ஒத்துப்போகும் ஆறு மாதக் கட்டணம் பெரும்பாலானவர்களுக்குச் சரியாக வரும். ஒரு வருடக் கட்டணம், அதே வீட்டில் அடுத்த வருடமும் இருப்பது உறுதியானவர்களுக்கு மட்டும்.

இணைப்பு யார் பெயரில் என்பதையும் அன்றே முடிவு செய்யுங்கள். ஆதார் கொடுப்பவர் பெயரில்தான் பில்லும் வரும், அந்த இணைப்பில் யாராவது ஏதாவது செய்தால் விசாரணையும் அவரைத்தான் தேடி வரும். கடைசி வருட மாணவர் பெயரில் எடுத்தால் அவர் போனதும் சிக்கல். இளையவர் ஒருவர் பெயரில் எடுப்பது நல்லது. முகவரிச் சான்றாக வாடகை ஒப்பந்த நகல் கேட்பார்கள்; தயாராக வைத்திருங்கள்.

மோடம், ரூட்டர்

நாம் மோடம் என்று சொல்லும் பெட்டிக்கு இரண்டு வேலை. ஃபைபரில் வரும் ஒளியை மின் சமிக்ஞையாக மாற்றுவது ஒன்று. அந்தப் பகுதிக்கு ஓஎன்டி என்று பெயர். வைஃபையைப் பரப்புவது ரூட்டரின் வேலை. பெரும்பாலும் இரண்டும் ஒரே பெட்டியில் வரும். ஜியோ, ஏர்டெல் தரும் பெட்டி அவர்கள் சொத்து, திரும்பக் கொடுக்க வேண்டும். அவர்கள் அமைப்பில் பதிவான பெட்டியே வேலை செய்யும் என்பதால் வேறு ஓஎன்டி வாங்கி மாட்ட முயலாதீர்கள். பிஎஸ்என்எல்லிலும் உள்ளூர் நிறுவனங்களிலும் சொந்தமாக வாங்கலாம், அல்லது அவர்களிடமே விலைக்கோ வாடகைக்கோ எடுக்கலாம். சொந்தமாக வாங்கினால் அந்தப் பகுதியில் ஓடுவது ஜிபானா இபானா (ஃபைபர் நெட்டின் இரு தொழில்நுட்ப முறைகள்) என்று கேட்டு வாங்குங்கள். இரண்டையும் ஏற்கும் எக்ஸ்பான் பெட்டியும் கிடைக்கிறது. வீடு மாறினாலும் அது உதவ வாய்ப்புண்டு.

கவனிக்க வேண்டிய ஏமாற்றம் ஒன்று உண்டு. சில உள்ளூர் இணைப்புகளில் 100 எம்பிபிஎஸ் திட்டத்தோடு 2.4 ஜிகாஹெர்ட்ஸ் மட்டும் உள்ள மலிவான பெட்டியைக் கொடுத்துவிடுவார்கள். அக்கம்பக்கத்தில் இருபது வைஃபை தெரியும் அடுக்குமாடியில் அந்த அலைவரிசையில் 20 முதல் 40 எம்பிபிஎஸ் கிடைத்தாலே பெரிது. நீங்கள் 100க்குப் பணம் கட்டி 30ஐப் பயன்படுத்துவீர்கள். "டூயல் பேண்டு பெட்டிதானே?" என்று முதலிலேயே கேளுங்கள். 5 ஜிகாஹெர்ட்ஸும் இருந்தால் அதே அறையில் திட்டத்தின் முழு வேகமும் வரும்.

ஆனால் 5 ஜிகாஹெர்ட்ஸ் சுவரைத் துளைப்பதில் பலவீனம். நம் ஊர் 9 அங்குலச் செங்கல் சுவர் ஒன்றைத் தாண்டும், இரண்டாவதில் திணறும், கான்கிரீட் தளத்தில் பெரும்பாலும் நின்றுவிடும். ஆகவே இரண்டு அறை வீட்டுக்கு நடு ஹாலில் வைத்த ஒரு பெட்டி போதும். நீளமாக ரயில் பெட்டி போல் அறைகள் அடுத்தடுத்து வரும் வீட்டில் கடைசி அறைக்கு இரண்டாவது ரூட்டர் தேவைப்படும். அதற்கு எக்ஸ்டெண்டர் வாங்க வேண்டாம். சாதாரண எக்ஸ்டெண்டர் ஒரே அலைவரிசையில் வாங்கித் திருப்பி அனுப்புவதால் வேகம் பாதியாகும். கேட்6 கேபிள் ஒன்றைச் சுவர் ஓரமாக ஒட்டிக்கொண்டு போய் அங்கே ஒரு ரூட்டரை ஆக்சஸ் பாயின்ட் முறையில் (கேபிளில் வரும் நெட்டை வைஃபையாகப் பரப்ப மட்டும்) வையுங்கள். வாடகை வீட்டில் ஆணி அடிக்காமல் பின்பக்கம் பசை உள்ள கிளிப்புகளே போதும்.

தனி ரூட்டர் வாங்குவதானால் பெட்டியில் வைஃபையின் மொத்த வேகமாகப் போட்டிருக்கும் "1200" என்ற எண்ணைப் பார்த்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். கேபிள் செருகும் லேன், வான் போர்ட்டுகள் (வான் என்பது வெளியிலிருந்து நெட் வரும் துளை) கிகாபிட்டா, அதாவது 1,000 எம்பிபிஎஸ் தாங்குமா என்று பாருங்கள். டிபி-லிங்க் ஆர்ச்சர் சி50 மாடலில் போர்ட்டுகள் 100 எம்பிபிஎஸ் வரைதான். சி6 மாடலில் கிகாபிட். 100 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு முதல் வகை ஏறக்குறைய ஒப்பேறும், அளந்தால் 93, 94 காட்டும். திட்டத்தை உயர்த்தினால் உதவாது. நாலு போன், நாலு லேப்டாப், ஒரு டிவிக்கு வைஃபை 5 (வைஃபையின் ஐந்தாம் தலைமுறை) போதும். விலை வித்தியாசம் சில நூறுதான் என்றால் வைஃபை 6 எடுங்கள்.

ஆன்லைன் விளையாட்டுக்கும் வீட்டுக் கணினியை வெளியிலிருந்து அணுகுவதற்கும் ஒரு குறிப்பு. பல நிறுவனங்கள் ஒரே பொது ஐபி முகவரியை (நெட்டில் ஒரு இணைப்பை அடையாளம் காட்டும் எண்) பல வீடுகளுக்குப் பகிர்கின்றன. ரூட்டரின் வான் முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால் நீங்களும் அந்தப் பகிர்வில் இருக்கிறீர்கள். போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் கோரிக்கையை வீட்டுக் கணினிக்குத் திருப்பும் அமைப்பு) எத்தனை முறை அமைத்தாலும் வேலை செய்யாது. தேவையென்றால் ஸ்டேட்டிக் ஐபிக்கு (உங்களுக்கே உரிய மாறாத பொது முகவரி) தனியாகக் கட்டணம் கட்ட வேண்டும்.

டெக்னீஷியன் வரும் நாள்

அவர் வரும் முன்பே பெட்டி இருக்க வேண்டிய இடத்தை முடிவு செய்யுங்கள். சொல்லாவிட்டால் வயர் நுழையும் வாசல் பக்கமே மாட்டிவிட்டுப் போய்விடுவார். பிறகு மாற்றக் காசு கேட்பார்கள். வீட்டின் நடுவில், ஐந்து ஆறு அடி உயரத்தில், பிளக் பாயின்ட் அருகில் இருக்கட்டும். இரும்பு பீரோவுக்குப் பின்னாலும் லாஃப்ட்டுக்குள்ளும் ஃபிரிட்ஜ் மேலும் வேண்டாம். பத்துப் பதினைந்து மீட்டர் கூடுதல் வயர் கொண்டுவர முந்தின நாளே போனில் சொல்லுங்கள்.

வயரைக் கூர்மையாக மடிக்க விடாதீர்கள். சுருட்டும் வளையம் 6 செ.மீ. விட்டத்துக்குக் குறையக் கூடாது; மடிந்த இடத்தில் ஒளி கசிந்து சிக்னல் குறையும். பச்சை முனை பச்சையோடும் நீல முனை நீலத்தோடும்தான் சேர வேண்டும், மாறிச் சேர்த்தால் ஒளி இழப்பு அதிகம். கழற்றிய முனையைக் கண்ணால் உற்றுப் பார்க்கக் கூடாது: அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் விழித்திரைக்குக் கெடுதல்.

அவர் கிளம்பும் முன் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டியவை:

1. ஒளி அளவு. கையில் உள்ள மீட்டரில் காட்டச் சொல்லுங்கள். −15 முதல் −24 டிபிஎம் வரை இருந்தால் நல்லது. −27ஐ நெருங்கினால் இன்று ஓடும், முதல் மழையில் நிற்கும்; இணைப்பை மறுபடி ஒட்டச் சொல்லுங்கள்.
2. லேன் கேபிளில் ஒரு லேப்டாப்பை நேராக மாட்டி ஸ்பீடு டெஸ்ட். வைஃபையில் எடுத்த அளவை வைத்து வாக்குவாதம் செய்ய முடியாது.
3. பிபிபிஓஇ (பெட்டி நிறுவனத்தின் வலைக்குள் நுழையும் கணக்கு) பயனர்பெயரும் கடவுச்சொல்லும், இருந்தால் வீலான் எண்ணும் (அந்த வலையில் இணைப்பைப் பிரித்தறியும் எண்). பெட்டி ரீசெட் ஆனால் இவை இல்லாமல் நெட் திரும்பாது.
4. அந்தப் பகுதிக்குப் பழுது பார்ப்பவரின் எண்.

அன்றிரவே ரூட்டர் பக்கத்துக்குப் போங்கள் (பெரும்பாலும் 192.168.1.1, ஜியோவில் 192.168.29.1). நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றி, வைஃபைக்கு டபிள்யூபிஏ2 அல்லது 3 பாதுகாப்பு முறையைத் தேர்ந்து, கடவுச்சொல் அடிக்காமலே சேர விடும் டபிள்யூபிஎஸ் வசதியை அணையுங்கள். 2.4 ஜிகாஹெர்ட்ஸை 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில், 1, 6, 11 ஆகிய சேனல்களில் அக்கம்பக்கத்தார் குறைவாகப் பயன்படுத்தும் ஒன்றில் நிறுத்துங்கள். வருகிற நண்பர்களுக்குக் கெஸ்ட் வைஃபை.

கரண்ட் போனால்

மின்வாரியம் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்தும் நாளில் காலை 9 முதல் மதியம் 2 வரையோ அதற்கு மேலோ இருக்காது. பரீட்சை அன்று அது வந்தால்? 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்று வாங்கி வையுங்கள். உள்ளே 2,000 மில்லிஆம்பியர் செல் மூன்று இருந்தால் மொத்தம் 22 வாட்-மணி. வீணாவது போக 10 வாட் இழுக்கும் பெட்டியை ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஓட்டும். அட்டையில் நாலு மணி நேரம் என்று போட்டிருந்தாலும் கணக்கு இதுதான். வாங்கும் முன் மோடம் அடாப்டரில் அச்சிட்ட வோல்ட், ஆம்பியரைப் பாருங்கள்: பெரும்பாலும் 12 வோல்ட், 1 முதல் 2 ஆம்பியர். சில சிறு ரூட்டர்கள் 9 வோல்ட்; பின் ஒரே மாதிரி நுழைவதால் 12 வோல்ட்டை மாட்டி எரித்துவிடாதீர்கள். ரூட்டர் தனியாக இருந்தால் இரண்டுக்கும் கரண்ட் வேண்டும். ஆன்லைன் தேர்வு நாளில் போனை யூஎஸ்பி டெதரிங்கில் (கேபிள் வழியாகப் போனின் நெட்டை லேப்டாப்புக்குக் கொடுப்பது) ஒரு முறை சோதித்து வைப்பதும் அவசியம்.

நெட் நின்றால் பார்க்கும் வரிசை

விளக்குகளே பாதி பதில் சொல்லும். லாஸ் என்ற விளக்கு சிவப்பாக மின்னினால் ஒளி வரவில்லை: வயர் அறுந்திருக்கிறது, அல்லது பின்புறம் முனை தளர்ந்திருக்கிறது. ரீஸ்டார்ட் செய்து பயனில்லை, உடனே புகார். பான் விளக்கு நிலையாக நிற்காமல் மின்னிக்கொண்டே இருந்தால் பெட்டி மையத்தில் பதிவாகவில்லை. பான் நிலையாக எரிந்து இன்டர்நெட் விளக்கு மட்டும் இல்லையென்றால் ரீசார்ஜ் முடிந்ததா, பிபிபிஓஇ விவரம் சரியா என்று பாருங்கள்.

விளக்கெல்லாம் பச்சை, ஆனால் மந்தம் என்றால் லேப்டாப்பில் முதலில் ரூட்டரின் முகவரிக்கும் பிறகு 8.8.8.8க்கும் (கூகுளின் பொதுச் சர்வர்) பிங் கொடுங்கள், அதாவது பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். ரூட்டருக்கே 50, 100 மில்லிசெகண்ட் ஆனால் கோளாறு வைஃபையில். இடத்தையோ சேனலையோ மாற்றுங்கள். ரூட்டருக்கு 1, 2 வந்து வெளியே மட்டும் தாவினால் முதலில் வீட்டில் யாராவது பெரிதாக எதையாவது ஏற்றுகிறார்களா என்று கேளுங்கள், அப்லோடு நிரம்பினால் எல்லோருக்கும் தடுமாறும். யாருமில்லையென்றால் நிறுவனத்தின் பக்கம் பிரச்சினை.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மரக்கிளை முறிந்து வயர் அறுவது வழக்கம். போனில் சொன்னதோடு விடாமல் புகார் எண் வாங்குங்கள். தீராவிட்டால் அதே எண்ணோடு அந்நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்குப் போகலாம். ஒவ்வொரு நிறுவனமும் அந்த முகவரியைத் தளத்தில் வெளியிட வேண்டும். அதற்கும் அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நெட் ஓடாத நாட்களுக்கான கட்டணத்தைக் கழிக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள்.

வீட்டைக் காலி செய்யும்போது

மூன்று வாரம் முன்பே தொடங்குங்கள். அதே ஊரில் வேறு வீடு என்றால், புது முகவரியில் அவர்கள் வயர் இருக்கிறதா என்று உறுதிசெய்த பிறகே மாற்றக் கோரிக்கை கொடுங்கள். முற்றிலும் நிறுத்துவதானால் ரீசார்ஜ் செய்யாமல் விட்டுவிடுவது போதாது. அவர்கள் பெட்டி உங்கள் கணக்கில் நிற்கும், சில மாதம் கழித்து அதற்குப் பணம் கேட்டு அழைப்பு வரும். நிறுத்தக் கோரிக்கை எண் வாங்கி, பெட்டியையும் அடாப்டரையும் ஒப்படைக்கும் அன்று சீரியல் எண் தெரிய படம் எடுத்து, எடுத்துப் போகிறவரிடம் ரசீதோ அவர்கள் எண்ணிலிருந்து மெசேஜோ பெறுங்கள். சொந்த ரூட்டரையும் யூபிஎஸ்ஸையும் கழற்றுங்கள். சொந்தப் பெட்டியை அடுத்தவருக்கு விற்பதானால் ரீசெட் செய்துவிட்டுக் கொடுங்கள். பிபிபிஓஇ விவரம் உள்ளேயே இருந்தால் இணைப்பு உங்கள் பெயரிலேயே இன்னொருவர் கையில் ஓடும். மீதி டெபாசிட் வங்கிக் கணக்கில் வந்து சேரும் வரை ரசீதையும் படங்களையும் அழிக்காதீர்கள்.